தெருவில் கிடந்த ஆணிகள்

அவனுக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று இருந்தது. அக்காவைத் தவிர அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. ஊருக்கு அவன் பஞ்சர். டீக்கடையில் பஞ்சர், பள்ளிக்கூட வாசலில் பஞ்சர், போலீஸ் ஸ்டேஷனில்கூட பஞ்சர்தான். பேர் வந்த கதை ஒன்றும் பெரிய கதை இல்லை. மூன்று பையன்கள், ஒரு டப்பா ஆணி, ஒரு இறக்கம். அவ்வளவுதான்.

மூவரும் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டு நிறுத்தப்பட்டு, வெளியே நிற்பதே பழக்கமாகிப் போனவர்கள். ஒருவன் இரும்புக்கடைக்காரர் மகன். எப்போதும் சலவைச் சட்டை. இன்னொருவன் ஒட்டடைக் குச்சி மாதிரி வளர்ந்தவன், அதனால் ஒட்டடை. மூன்றாவது இவன். தெருவிளக்கைக் கல்லால் அடிப்பார்கள். பூட்டி வைத்த சைக்கிளைத் தூக்கி மரக்கிளையில் மாட்டிவிட்டு, சைக்கிள்காரரோடு சேர்ந்து தேடுவார்கள். ஊரில் எது உடைந்தாலும், எது காணாமல் போனாலும் முதலில் இந்த மூன்று மூஞ்சியைத்தான் பார்ப்பார்கள். பாதி நேரம் ஊர் சொன்னது சரியாகவும் இருந்தது. மீதிப் பாதிக்கும் சேர்த்து அடி வாங்கினார்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு இறக்கம் உண்டு. டிராயிங் மாஸ்டர் தினமும் அதில்தான் ஸ்கூட்டரில் இறங்குவார். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேடேறுவதைப் பார்க்க வேண்டும், அதுதான் ஆசை. இரும்புக்கடை மகன் டப்பாவைக் கொண்டுவந்தான். ஒட்டடை காவல் நின்றான். இவன் தூவினான். அன்றைக்கு மாஸ்டர் வரவில்லை. ஆஸ்பத்திரி கம்பவுண்டர் மொபெட்டில் வந்தார். முன்டயர் உட்கார்ந்து, வண்டி அவரைக் கொண்டுபோய் ஓரக் கல்லில் அடித்தது. முட்டி போய்விட்டது. அதற்கப்புறம் அவர் அந்தக் காலை நீட்டி வைத்துத்தான் உட்கார்ந்தார், எங்கே போனாலும்.

ஒட்டடை அன்று சாயங்காலமே ஒரு லாரியில் ஏறிப் போனவன், இன்றுவரை திரும்பவில்லை. இரும்புக்கடைக்காரர், டப்பா கடையிலிருந்து திருடு போனது என்று எழுதிக் கொடுத்தார். திருடியவன் யார் என்றும் எழுதிக் கொடுத்தார். ஆக, கடைசியில் மிஞ்சியது இவன் ஒருத்தன். சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அம்மா முன்னாலேயே இல்லை. அப்பா, கேட்டவர்களிடமெல்லாம் "எனக்கு ஒரே பொண்ணுதான்" என்று சொல்லிச் சொல்லியே செத்துப்போனார்.

மீசை முளைத்துத் திரும்பி வந்தபோது நிற்க இடம் அக்கா வீடு ஒன்றுதான்.

அக்கா புருஷன் தச்சர். பேசினால் நாக்கு தேய்ந்துவிடும் என்று பயப்படுகிற மாதிரி ஆள். இவன் வாசலில் நின்றதும் உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை. இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியில் ஒட்டிய மரத்தூளைத் தட்டினார்.

"இங்க பாரு. சாப்பாடு உண்டு. படுக்க இடம் உண்டு. உன்னைப் பத்தி ஒரே ஒரு பேச்சு இந்த வாசலுக்கு வந்துது, அன்னிக்கே துணிமணியை எடுத்துட்டுக் கிளம்பிடணும். உங்க அக்கா அழுவா. அதையும் யோசிச்சுப் பார்த்துட்டுதான் சொல்றேன்."

"சரி மாமா."

"சரின்னு எல்லாரும்தான் சொல்றாங்க."

அக்கா கதவுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று தம்பி தட்டில் அவள் சோற்றை வைத்துக்கொண்டே இருந்தாள். அவனும் தின்றுகொண்டே இருந்தான்.

வீட்டின் முன்னறைதான் மாமாவுக்குப் பட்டறை. மில்லுக்கு மெஷின் வரும் பெரிய மரப்பெட்டிகளை மாமா மொத்தமாக எடுத்துவந்து உடைப்பார். நல்ல பலகை பெஞ்சாகவும் ஸ்டூலாகவும் போகும். உடைந்தது, வெடித்தது, சிராய்த்தது எல்லாம் ரொட்டிக்கடை அடுப்புக்கு. அவரே தள்ளுவண்டியில் அடுக்கி, பள்ளிக்கூட இறக்கம் வழியாகக் கொண்டுபோய்ப் போடுவார். இவனுக்குப் படுக்கை அந்தப் பட்டறையில்தான். பாயை விரிக்குமுன் தரையைக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் முதுகில் ஆணி ஏறும். குட்டை ஆணி, சதுரத் தண்டு, சப்பைத் தலை. வெளியூரிலிருந்து பெட்டியோடு வருகிற ஆணி. ஊர்க் கடைகளில் அது கிடையாது.

வேலைக்கு ஒருத்தரும் சேர்க்கவில்லை. சேர்த்தவர் ஒரே ஒருத்தர், பஞ்சர் கடைக்காரர். அவர் யோசனையே தனி.

"ஓட்டை போட்ட கையே வந்து ஒட்டட்டும்யா. விளம்பரத்துக்கு விளம்பரம்!"

ஆரம்பத்தில் சிலர் இவனைப் பார்த்ததும் வண்டியை உருட்டிக்கொண்டு திரும்பிப் போனார்கள். பிறகு வேறு கடை இல்லாததால் அவர்களே உருட்டிக்கொண்டு வந்தார்கள். இவன் தலை நிமிராமல் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தில் விரலை வைப்பான். "நீ போட்டதையே நீ எடுக்கிறியா தம்பி?" என்று கேட்பார்கள். கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரிப்பார். இவனும் சிரித்து வைப்பான். சிரிக்காமல் இருந்தால் அதையும் ஒரு குற்றமாகச் சொல்வார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

ஒருநாள் ஒரு டீச்சரின் ஸ்கூட்டியிலிருந்து குறட்டால் ஆணியைப் பிடுங்கினான். குட்டை. சதுரத் தண்டு. தலையடியில் ஒரு மரச்சிராய் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவனுக்குக் கை நின்றுவிட்டது. கடைக்காரர் பார்ப்பதற்குள் அதைப் பையில் போட்டுக்கொண்டான்.

அடுத்தமுறை மாமா வண்டி கிளம்பியபோது கொஞ்சம் தூரம் விட்டுப் பின்னாலேயே போனான். இறக்கத்தின் தலைமாட்டில், சாக்கடைப் பலகைமேல் சக்கரம் ஏறி இறங்கும் இடத்தில் வண்டி ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. கட்டைகள் ஒன்றோடொன்று மோதி எழும்பின. மிளகு தூவின மாதிரி தார்மேல் ஆணி விழுந்தது. மாமா முன்னால் பார்த்துத் தள்ளிக்கொண்டு போனார். அவருக்கு என்ன தெரியும்.

சொல்லிவிடலாம். ஆனால் சொல்கிற வாய் யாருடைய வாய் என்று ஒன்று இருக்கிறதே. ஆணி என்று பஞ்சர் வாயிலிருந்து வந்தாலே ஊர் சிரிக்கும். மாமா, வந்து தங்கினவன் எனக்கே புத்தி சொல்கிறான் என்பார். ஒருவேளை ஊர் நம்பிவிட்டால் அதைவிட மோசம். அந்த இறக்கத்தில் ஆணி போட்டவன் என்ற பேரைச் சுமப்பது எப்படி இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைக் கொண்டுபோய் அக்கா புருஷன் தோளில் வைப்பதா?

ஒரு சாயங்காலம் சும்மா பொழுது போகாதவன் மாதிரி உட்கார்ந்து, விறகுக் கட்டையிலிருந்து ஆணி பிடுங்க ஆரம்பித்தான். மாமா பார்த்தார்.

"என்ன அது?"

"ஆணி பிடுங்கறேன் மாமா."

"நெருப்புல போறதுக்கு எதுக்கு சிங்காரம்? சுத்தியலை வை. போய்ப் படு."

வைத்தான். படுத்தான். மறுநாள் பஞ்சர் கடைக்குப் பின்னால் பழைய சாமான்களில் கிடந்த ஒரு பெரிய ஸ்பீக்கரை உடைத்து, அதன் வட்டக் காந்தத்தைக் கழற்றி எடுத்துவந்தான்.

அன்றிலிருந்து பொழுது விடியும்போதே எழுந்துவிடுவான். காந்தத்தைக் கயிற்றில் கட்டி, இறக்கம் நெடுக இழுத்துக்கொண்டு நடப்பான். கொஞ்ச தூரம் போனதும் குனிந்து, ஒட்டினதை உருவிச் சாக்குப்பையில் போடுவான். மாமா வீட்டு ஆணி மட்டுமா வந்தது? கொண்டை ஊசி, பிளேடு, சோடா மூடி, வளைந்த சாவி, யாரோ தொலைத்த கொலுசுத் திருகு, எல்லாம் வந்தது. வெள்ளிக் கொலுசாக இருந்திருந்தால் காந்தம் விட்டுவிட்டுப் போயிருக்கும், போலி போலிருக்கிறது. அதைப் பார்த்து அவன் தனியாகச் சிரித்தான். ஊர் கண்ணில் படாமல் முடித்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு சீக்கிரம் எழுந்தான். கையில் ஆணியோடு அவனை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று தெரியாதா அவனுக்கு? ஆனால் ஒளிந்து செய்தால் அதைவிட அதிகமாக நினைப்பார்கள் என்பதை யோசிக்க மறந்துவிட்டான். ஒளிந்து ஒளிந்தே வளர்ந்த பையனுக்கு வேறு வழி தோன்றவில்லை.

பஞ்சர் கடையில் ஈ ஓட்ட ஆரம்பித்தார்கள்.

"என்னடா இது? ஊர்ல டயரை எல்லாம் இரும்புல செஞ்சு மாட்டிட்டானுங்களா?" என்றார் கடைக்காரர். "டீச்சரம்மா கூட வரக்காணோம். அவங்க வாரம் தவறமாட்டாங்களே."

"ரோடு நல்லா இருக்குதோ என்னவோ அண்ணே."

"ரோடு நல்லா இருந்தா நாம எப்படிடா நல்லா இருக்கறது?"

அவன் காற்றடிக்கும் குழாயைச் சுருட்டி மாட்டினான்.

கம்பவுண்டர் அந்த இறக்கத்தில் வண்டியில் உட்கார்ந்து போவதே இல்லை. மேலேயே இறங்கி, மொபெட்டைத் தள்ளிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்து, கீழே போய்த்தான் ஏறுவார். ஒரு விடியற்காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டிருந்தார்கள். வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். பாதி இறக்கத்தில், அதே கல்லுக்குப் பக்கத்தில், ஒருத்தன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையில் கையை வைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் சாக்குப்பை.

"டேய்! யார்ரா அது? அசையாதே!"

அவன் அசையவில்லை. ஓடியிருந்தால் பிடித்திருக்க முடியாது. அது இருவருக்கும் தெரியும்.

கம்பவுண்டர் குனிந்து பையைப் பார்த்தார். கையை உள்ளே விட்டார். எடுத்தபோது உள்ளங்கை நிறைய ஆணி.

"மறுபடியுமா?" அவர் குரல் சத்தமாகக்கூட வரவில்லை. "ஒரு முட்டி போதலையாடா உனக்கு?"

"பொறுக்கறேன் சார். போடல. பொறுக்கறேன்." கயிற்றோடு காந்தத்தைத் தூக்கிக் காட்டினான்; அவர் கண் ஆணியை விட்டு நகரவில்லை.

"ஆணியா? விடியறதுக்குள்ள வந்தா? யாருக்கும் தெரியாமலா?" கையிலிருந்த ஆணிகளை அவன் முன்னால் நீட்டினார். "என்னைப் பார்த்தா எப்படிடா தெரியுது உனக்கு?"

பால்காரர் நின்றார். பேப்பர் போடுகிறவர் நின்றார். காலை நடைக்கு வந்தவர்கள் நின்றார்கள். அதில் இரும்புக்கடை மகனும் இருந்தான். இப்போது கடை அவனுடையது. தொப்பையைக் குறைக்க டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். அவனை இப்போது எல்லோரும் 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"இவன் திருந்தவே மாட்டான் சார்," என்றான் அவன். "எனக்குத் தெரியாதா இவனை?"

பஞ்சர் தலையைத் தூக்கி அவன் முகத்தைப் பார்த்தான். தெரியும்தான். அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் ஊரில் யாருமே இல்லை. இரும்புக்கடை மகன் சட்டென்று திரும்பி பால்காரரிடம் வேறு ஏதோ பேச ஆரம்பித்தான்.

"தச்சர் வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. அவர்தானே சோறு போடறார், அவரே சொல்லட்டும்," என்றார் பால்காரர்.

தெருவில் கூட்டம் வந்தபோது அக்கா வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் தம்பியைப் பார்த்ததும் துடைப்பம் அப்படியே நின்றது. மாமா வாயில் பல்துலக்கும் பிரஷோடு வெளியே வந்தார். கொப்பளித்துத் துப்பிவிட்டு, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"பேச்சு வந்துடுச்சா?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

பால்காரர் பையை வாசற்படியில் கவிழ்த்தார். ஆணி கொட்டின சத்தம் தெருவில் கேட்டது. எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது.

"பாருங்க உங்க மச்சான் செய்யற வேலையை. எல்லார் வண்டிக்கும் பொறி வச்சிட்டு, பகல்ல கடையில உட்கார்ந்து ஒட்டறான். பிழைப்புக்கு எப்படி வழி பண்ணியிருக்கான் பாருங்க!"

அவன் அக்காவைப் பார்க்காமல் இருக்க, பக்கத்துச் சுவரில் பெயர்ந்திருந்த சுண்ணாம்பைப் பார்த்தான். அங்கே ஒரு வார்த்தை போதும் அவனுக்கு. உங்க ஆணி மாமா, அவ்வளவுதான். அந்த வார்த்தையை நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு நின்றான்.

மாமா குந்தினார். குவியலிலிருந்து ஒன்றை எடுத்தார். கீழே போட்டார். இன்னொன்றை எடுத்தார். அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினார்; அது உருளவில்லை, சதுரம். சிராயை நகத்தால் கிள்ளி மோந்து பார்த்தார். அவர் மூக்குக்குத் தெரியாத மரம் இல்லை. வருஷக்கணக்காக அவர் உடைக்கிற அதே பெட்டி மரம்.

அவர் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. போடா என்று ஒரு சொல் சொன்னால் கூட்டம் கலைந்துவிடும். அவர் பேரும் பத்திரம், பட்டறையும் பத்திரம். அப்படிச் சொல்லிவிடுவார் என்றுதான் அக்காவும் நினைத்தாள். துடைப்பத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இது என் ஆணி," என்றார் மாமா.

"என்னது?"

"என் பட்டறை ஆணி. ரொட்டிக்கடைக்குக் கட்டை கொண்டுபோறேன் இல்ல, அதுல இருந்து விழுந்தது. நான்தான் போட்டிருக்கேன். இவன் போடல. இவன் பொறுக்கியிருக்கான்."

இரும்புக்கடை மகன் மெதுவாகத் தலையை ஆட்டினான்.

"புரியுது அண்ணே. வீட்டுக்காரம்மா முகத்தைப் பார்த்து சொல்றீங்க."

"நான் பொய் சொல்றேன்கிறீங்களா?"

"சேச்சே. பொய்னு யார் சொன்னா? நல்ல மனசுன்னு சொல்றோம்."

"ஆமாமா," என்றார்கள் மற்றவர்கள். "பெரிய மனசு."

மாமாவுக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் வாழ்நாளில் யாரிடமும் அத்தனை வார்த்தை பேசியது கிடையாது. பலகையைத் தூக்கிக் காட்டினார். அதில் நீட்டிக்கொண்டிருந்த ஆணியைக் காட்டினார். வண்டியைக் காட்டினார். அவர் காட்டக் காட்ட அவர்கள் இன்னும் இரக்கத்தோடு தலையாட்டினார்கள். சாவு வீட்டில் புலம்புகிறவரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

கம்பவுண்டர் மட்டும் தலையாட்டவில்லை. அவர் மாமா கையிலிருந்த பலகையை உற்றுப் பார்த்தார், பிறகு குவியலைப் பார்த்தார். அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"இவன் போட்டானோ, பொறுக்கினானோ," என்றார், "என் முட்டி திரும்பி வரப்போறதில்லை." மொபெட்டைத் திருப்பிக்கொண்டு நடந்தார்.

"சார்," என்று கூப்பிட்டான் பஞ்சர். அவர் திரும்பவில்லை.

கூட்டம் கரைந்த பிறகு பஞ்சர் கடைக்காரர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். அவர் காதுக்கு எல்லாம் போயிருந்தது. குவியலைப் பார்த்தார், இவனைப் பார்த்தார்.

"நெசமாவே பொறுக்கினியாடா?"

"ஆமாண்ணே."

"எத்தனை நாளா?"

அவன் சொன்னான். கடைக்காரர் மனதுக்குள் எதையோ சரிபார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் நம்பறேன்டா. ஊர்ல ஒருத்தனும் நம்பமாட்டான், நான் நம்பறேன். என் கடை காத்தாடினது எனக்குத்தானே தெரியும்? என் கடையில நின்னுக்கிட்டே என் வயித்துல அடிச்சிருக்கே பாவி!" அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "நாளையிலிருந்து வராதே ராஜா. உன்மேல எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ வராதே."

ஊரில் அவனை நம்புகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னது அந்த ஒருத்தர். வேலையை விட்டு நிறுத்தினதும் அவரேதான்.

உள்ளே போய் அவன் துணிகளை மடிக்க ஆரம்பித்தான். மடிக்க அதிகம் இல்லை. அக்கா வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்; போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. புருஷன் போட்ட கட்டளை, தம்பி ஒத்துக்கொண்ட கட்டளை. நடுவில் அவள் வாய்க்கு என்ன மரியாதை.

மாமா வந்தார்.

"எங்க கிளம்பிட்ட?"

"பேச்சு வந்துடுச்சில்ல மாமா."

"எப்போ தெரியும் உனக்கு, அது என் ஆணின்னு?"

"கடையில சேர்ந்த கொஞ்ச நாள்லயே."

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?" மாமா கத்தினார். தெருவுக்கே கேட்டிருக்கும். "என்கிட்ட சொன்னா நான் உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்? என்ன நினைச்சுட்டு இருக்க என்னை? என் ஆணிக்கு நீ அடி வாங்குவ, நான் உள்ள உட்கார்ந்து சோறு திம்பேன், அப்படித்தானே?"

அவன் சட்டையை மடித்துக்கொண்டே இருந்தான். மாமா அதைப் பிடுங்கி மூலையில் எறிந்தார்.

"பேச்சு உன்மேல வரல. என்மேல வந்துது. சட்டப்படி பார்த்தா நான்தான் மூட்டை கட்டணும். போகட்டுமா?" மனைவி பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. போகட்டுமா?"

"ரெண்டு பேரும் முதல்ல சாப்பிடுங்க," என்றாள் அக்கா. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அன்று ரொட்டிக்கடைக்குக் கட்டை போகவில்லை. மாமாவும் மச்சானும் எதிரெதிரே உட்கார்ந்து, விறகுக் கட்டையிலிருந்து ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மாமா பெரிய குறடு வைத்திருந்தார். அவனுக்குச் சுத்தியலின் பிளந்த பக்கம். துருவேறின ஆணி மரத்தை விட்டு வரும்போது கிறீச்சென்று ஒரு சத்தம் போடும். பேச்சுக்குப் பதில் அந்தச் சத்தம்தான் மதியம்வரை அறையில் இருந்தது.

மதியத்துக்கு மேல் ரொட்டிக்கடைக்காரர் தேடிக்கொண்டு வந்தார். அடுப்புக்குக் கட்டை இல்லை என்று சொல்ல வந்தவர், மூலையில் இருந்தவனைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"என்ன அண்ணே, உங்க மச்சான் மறுபடியும் ஆரம்பிச்சுட்டானாமே? தெருவெல்லாம் ஒரே பேச்சா இருக்கு. நீங்ககூட பழியை உங்கமேல போட்டுக்கிட்டீங்களாம். எதுக்கு அண்ணே உங்களுக்கு இந்த வேலை?"

மாமா அவனைப் பார்த்தார். அவன் தலை குனிந்து, ஒரு பிடிவாதமான ஆணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

மாமா குறட்டைக் கீழே வைத்தார். ஸ்டூல் ஒன்றை இழுத்து ரொட்டிக்கடைக்காரர் முன்னால் போட்டார்.

"உட்காரு," என்றார். பேச்சே பிடிக்காத அந்த மனுஷர், மில்லிலிருந்து பெட்டி வருவதில் தொடங்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.